வயலில் அடித்த நெடி யாருடையது?

ஆம்பூர் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் மக்காச்சோளம். ஈர மண்மேல் யூரியாவைத் தூவிவிட்டு வந்துவிடுவேன். போன முறை தூவிய மறுநாளே வயலில் கண் எரிகிற நெடி. எங்கள் ஊரில் எது நாறினாலும் பழி தோல் பதனிடும் டேனரிக்குத்தான். பயிர் வெளுப்பதும் அதனால்தான் என்று சண்டைக்குக் கிளம்பினேன்.

அங்கே வேலை செய்யும் என் தோழி நஸ்ரீன் வழியில் மறித்தாள். "இன்னாடி பேஜார் பண்றே? பெருநாளுக்கு டேனரி மூடி மூணு நாளாச்சு!"

அப்படியானால் நெடி எங்கிருந்து? பெருநாள் புடவையோடு அவளும் வயலுக்கு வந்தாள். ஒரு பிடி யூரியாவை மண்மேல் தூவினோம், இன்னொரு பிடியை மண்ணுக்குள் புதைத்தோம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் பேசின் கவிழ்த்து மூடினோம்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தோம். புதைத்த இடத்தில் வெறும் மண்வாசம். தூவிய இடத்தில் அதே கண் எரிகிற நெடி; நஸ்ரீன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பயிருக்குப் போட்டது காத்துக்குப் போவுதுடி!"

எத்தனை பங்கு போகிறது என்று அளக்க என்னிடம் மூக்கைத் தவிர வேறு கருவி இல்லை. இப்போது செடியோரம் குழி பறித்து யூரியா வைத்து, மண்மூடித் தண்ணீர் பாய்ச்சுகிறேன். ஒரு பேசின் வயலிலேயே, உரம் வைத்த இடத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. நெடி அடித்தால் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்க்கிறேன். டேனரியைத் திட்டுவதெல்லாம் அப்புறம்தான்.