வேறொருத்தியின் கண்கள்

ஒரே நாளில் அறுநூறு முகம் எடுத்தவன் என்று பல வருஷம் பெருமை அடித்திருக்கிறேன். ஆம்பூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மற்ற போட்டோகிராபர்களிடம் அதைச் சொல்லாமல் பிரியாணிப் பந்தியை விட்டு எழுந்ததில்லை. இப்போது யாராவது அதை நினைவூட்டினால் அவரை அறையத் தோன்றுகிறது. அறைய வேண்டியது என்னைத்தான்.

அது ஒரு ஷூ கம்பெனி. வேலை செய்யும் எல்லாருக்கும் புது அடையாள அட்டை. பெரும்பாலும் பெண்கள், மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். இருபது இருபது பேராக அனுப்பினார்கள். வந்து நிற்க வேண்டும், நான் அமுக்க வேண்டும், அவர்கள் ஓட வேண்டும். "லைன் நிக்குது சார், லைன் நிக்குது" என்று மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் காட்டி நான் தப்பிக்கப் போவதில்லை. அவருக்குத் தெரிந்தது ஷூ. முகம் எனக்குத் தெரிந்த வேலை.

நான் படித்தவன். தொழிலையும் படித்துத்தான் கற்றேன். கேமராவைப் பார்த்து மிரளுகிறவர்களிடம், "கண்ண மூடிக்கங்க, நான் சொன்னதும் மெதுவா தொறங்க" என்றால் போதும். திறந்த அந்த நொடியில் இமைக்க மாட்டார்கள், முகமும் இளகியிருக்கும். ஆளுக்குப் பத்து நொடி ஆகும். கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அதைச் செய்திருக்கிறேன். அன்று ஒருவருக்கும் செய்யவில்லை.

ஸ்டூடியோவில் வந்து பார்த்தால் நாற்பத்து மூன்று பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரே படம்தான் எடுத்திருந்தேன். திரும்ப வந்து எடுக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். மை தீட்டிய ஓர் இளம்பெண் கேமராவை நேராகப் பார்த்திருந்தாள். அவள் கண்களை வெட்டி நாற்பத்து மூன்று முகங்களிலும் ஒட்டினேன். அட்டையில் முகம் கட்டைவிரல் நகம் அளவு, யாருக்குத் தெரியப்போகிறது? இடத்தை அடைக்கிறதென்று கண் மூடிய படங்களை அழித்தும் விட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று அன்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

போன மாதம் ஓர் இளம்பெண் அந்த அட்டைகளில் ஒன்றோடு வந்தாள். அம்மா இறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம்.

"இத பெரிசா போட்டுக் குடுங்க சார், மாலை போட்டு மாட்டணும். வேற போட்டோ இல்ல. கல்யாண போட்டோகூட மழைல ஊறிப் போய்ட்டுது."

"அம்மா கம்பெனில இன்னா வேலம்மா?"

"செக்கிங் சார். ஒரு தையல் தள்ளியிருந்தாலும் ஜோடியையே திருப்பி அனுப்பிடும். 'இன்னாம்மா, நீயா போட்டுக்கினு போப்போற?'ன்னு சூப்பர்வைசர் பேஜாராவாரு."

அவள் போன பிறகு, கம்ப்யூட்டரில் இருந்த அந்த அட்டைப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். மை தெரிந்தது. நான் மறந்தே போயிருந்த காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேனா? இல்லை. மையை அழித்தேன். கண் ஓரங்களைக் கொஞ்சம் சுருக்கினேன். அச்சடித்து ஃபிரேம் போட்டேன். அம்மாவை இழந்த பெண்ணை ஏமாற்ற ஒரு முழுக் காலையைச் செலவிட்டேன். அந்தப் பொறுமையில் பாதியை அன்று கம்பெனியில் காட்டியிருந்தால் இந்த வேலைக்கே இடமில்லை.

மறுநாள் வந்தாள். பேப்பரைப் பிரித்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது எங்க அம்மா இல்ல."

"பெரிசு பண்ணா அப்டித்தாம்மா தெரியும்."

"மூக்கு அதுது. வாயி அதுது. கண்ணு இல்ல சார். கார்டு வந்த அன்னிக்கே அம்மா சிரிச்சுது. 'பாருடி, போட்டோக்காரரு எனக்கு மை வெச்சு உட்டுருக்காரு'ன்னு. எரியும்னு அது மையே வெக்காது. இப்ப அந்த மையும் காணோம். இன்னா சார் பண்ணீங்க?"

அதற்கு மேல் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது அதுவல்ல. இன்னொரு பொய்யைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"அந்தக் கண்ணுக்காரங்க உயிரோட இருக்காங்களா?"

"இருக்கணும்மா. அதே கம்பெனிதான்."

"உயிரோட இருக்குற பொம்பள கண்ணுக்கு நான் மாலை போடணுமா?"

நான் ஃபிரேமை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"எங்க அம்மா கையில இது வந்திருந்தா பிரிச்சு மறுபடியும் தைக்கச் சொல்லியிருக்கும். நீங்க எதைப் பிரிப்பீங்க?"

பிறகு போனை எடுத்து நீட்டினாள். கம்பெனி பஸ்ஸுக்குள் யாரோ எடுத்த படம். முன்னால் நாலு பெண்கள்; அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் ஓரத்தில், பட்டாணி அளவு முகத்தோடு அவள் அம்மா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கண்கள் பாதி மூடியிருந்தன.

"இதுல மூஞ்சி சரியா தெரிலன்னுதான் நேத்து காட்டல. இதையாவது ஒழுங்கா போட்டுக் குடுங்க. கண்ணுல கை வெக்காதீங்க."

பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. இன்றைய கம்ப்யூட்டர் கேட்டால் இமை முடிகளைக்கூடத் தானாக வரைந்து தரும். அந்தப் பொத்தானின் மேல் என் விரல் போய் நின்றது. அதையும் மறைக்க மாட்டேன். பிறகு விரலை எடுத்துக்கொண்டேன். வெளிச்சத்தை மட்டும் திருத்தினேன். ஏழாவது அச்சு தேறியது. அந்தப் படம் தாங்கிய அளவு ஒரு உள்ளங்கைதான்.

சனிக்கிழமை அதைக் கொடுத்தேன்.

"இம்மாந்தூண்டா?"

"இதுக்கு மேல போனா நான் வரஞ்ச கண்ணாயிடும்மா."

வாசலுக்குப் போய், வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அவள் அம்மாவும் ஷூவை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"ஜன்னல் கம்பி நெழலு மூஞ்சில விழுந்திருக்கு."

"எடுத்துடட்டுமா?"

"ஒண்ணும் எடுக்க வேணாம்."

பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். எதிரி வீட்டிலிருந்து கிளம்புகிறவன்கூட "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், மீதி நாற்பத்து இரண்டு பேரையும் மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். மேலாளர் சிரித்தார். "கேட்ல மிஷின் கார்டதான் சார் பாக்குது. கண்ண யாரு பாக்குறா?"

நான் ஒரு காலத்தில் எனக்கே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. அவரை என்ன செய்ய?

இப்போது காலையில் மாதனூர் பஸ் நிற்கும் இடத்தில் கேமராவோடு நிற்கிறேன். அந்த நாற்பத்து இரண்டு பேரில் இதுவரை ஒன்பது பேர் நின்றிருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து நொடி. நேற்று ஒரு பெண் புதுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கண்ணே நல்லாருந்துச்சு, பெரியவரே."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.