சாயப்பட்டறை வாசலில் அணைத்த இன்ஜின்

வரிசையில் நிற்கையில் இன்ஜினை அணைத்தால் டீசல் மிஞ்சும் என்று நானே படித்தறிந்தேன். இன்று துணி ஏற்றப் போன மங்கலத்துச் சாயப்பட்டறை வாசலில் என் பிக்கப் வேனை அவ்வாறே அணைத்தேன்.

காவலாளி, பின்னால் நின்ற வண்டியை உள்ளே விட்டார்.

"ஏனுங்க, அடுத்தது நான்தானுங்களே?"

"இன்ஜின் ஓடலீங்களேக்கா. அணைச்ச வண்டின்னா ஆளு டீக்கடைல இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"நான் சீட்லதானுங்க உக்காந்திருக்கேன்!"

"உறுமுற வண்டிக்குத்தானுங்க இங்க கேட்டு தொறக்கும்."

மதியத்துக்குள் துணி பனியன் கம்பெனிக்குச் சேராவிட்டால் அங்கே கட்டிங் வேலை நின்றுவிடும். நாளை வேறு வண்டியை அழைப்பார்கள். ஆகவே அடுத்த ஒரு மணி நேரமும் இன்ஜினை உறுமவிட்டே காத்திருந்தேன்.

துணி தாமதமாகத்தான் சேர்ந்தது. நாளைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

மைலேஜைக் கூட்டும் வழி அறிந்தோர், அக்காவலாளியும் ஏற்கும் வழியாகத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.