இரண்டாவது ஆளின் ஒப்புதல்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்குப் பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்குத் தீவை விட்டு மெயின்லேண்ட் போகச் சொன்னார்கள், போய் வந்தோம். அங்கே ஒரு செயலியைக் காட்டினார்கள். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது பேசும். தமிழில் மட்டும் பேசாது.

அது திறந்த மூல மென்பொருள். நிரல் எல்லோர் பார்வைக்கும் கிடக்கும். யாரும் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால் சேர்ந்துவிடும். சம்பளம் இல்லாத அலுவலகம் என்று புரிந்துகொண்டேன். டெலானிபூர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு அதன் விதிகளைப் படிப்பது கஷ்டமாக இல்லை. சொல்லப்போனால் அந்த வாரங்களில் எனக்கு எதுவுமே கஷ்டமாக இல்லை. சமைத்தேன், மாத்திரை கொடுத்தேன், படங்களுக்கு நேராகத் தமிழ் வாக்கியங்களை எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இணைத்து, தகுந்த ஆணை பிறப்பிக்குமாறு கேட்டு அனுப்பினேன்.

பொறுப்பாளர் எந்த நாட்டுக்காரரோ, ஒரே வரியில் பதில் போட்டார்: நன்றி, தமிழ் தெரிந்த இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லாத கோப்பு எதையும் நான் மேலே அனுப்பியதில்லை. குறை சொல்ல வழியில்லை.

எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் பழைய சகாவைக் கூப்பிட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தவர், மதுரைக்காரர். காலைப் படகில் வந்தார். தமிழ் சேர்த்த பிரதியை டேப்லெட்டில் ஏற்றி மனைவியின் மடியில் வைத்தேன். நல்ல கையால் டீ கிளாஸ் படத்தைத் தொட்டாள்.

"எனக்குத் தேநீர் தேவைப்படுகிறது" என்றது டேப்லெட்.

அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

"என்னய்யா இது, டெண்டர் நோட்டீஸா?" என்றார் சகா. "தங்கச்சி என்னைக்குய்யா இப்படிப் பேசுச்சு?"

"மரியாதையா இருக்கட்டும்னு எழுதினேன்."

"யாருக்கு மரியாதை? டீக்கா? அரே, மாத்துய்யா. 'டீ குடுங்க', அவ்வளவுதான். இல்லேன்னா நான் பாஸ் பண்ண மாட்டேன்."

மதியம் முழுவதும் உட்கார்ந்து மாற்றினோம். "இத்துடன் போதுமானது" என்று நான் எழுதியிருந்தது "போதுங்க" ஆயிற்று. அவர் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு ஒப்புதல் கொடுத்துவிட்டு, படகைப் பிடிக்கக் கிளம்பினார்.

சில நாளில் திருத்தம் சேர்ந்தது. தானியங்கி வாழ்த்து ஒன்று வந்தது. சந்தோஷம் வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எழுந்து சோறு வடித்தேன்.

பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக விளக்கினேன். இது தண்ணீர், இது வலி, இதைத் தொட்டால் ஃபேன் போடச் சொல்லும், இதற்கு அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மெதுவாக நகர்த்தி ஒன்றைத் தொட்டாள்.

"போதுங்க" என்றது யாரோ ஒரு பெண்ணின் குரல்.

நிறுத்திக்கொண்டேன். டேப்லெட் அவள் மடியிலேயே இருந்தது.