குணமாகிவிட்டார் என்று எழுதியவர்கள்

பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், என் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். நான் புதுக்கோட்டையில் தோல்நோய் மருத்துவர். மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். எழுதியதை மற்றவர்கள் எவ்வளவு எடுத்தாள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இப்போது எங்களை எடைபோடுகிறார்கள். இலுப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் படர்தாமரை ஏன் மருந்துக்கு அடங்குவதில்லை என்று வருஷக்கணக்கில் அலைந்து எழுதியதை ஒருவரும் சீந்தவில்லை. ஜெகதாப்பட்டினத்து மீனவர் ஒருவரின் கையைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பையோ பிரேசில், துருக்கி, கொரியா என்று எங்கெங்கோ எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கை எனக்கு நன்றாக நினைவிருந்தது. மீன்முள் குத்திய விரலில் ஒரு கட்டி. பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையான ஒரு கிருமி மீனிலும் கடல்நீரிலும் இருக்கிறது, அதன் வேலை. இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்து, பல மாதம் விடாமல் சாப்பிடச் சொன்னேன். ஒருமுறை வந்தார். அப்புறம் வரவில்லை. குறிப்பின் கடைசி வரியிலும் அதையே எழுதியிருந்தேன்: நோயாளி தொடர்ந்து வராததால் முடிவு தெரியவில்லை.

மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் அந்த மீனவர் குணமாகியிருந்தார். ‘இந்த இரு மருந்துகளால் முழுக் குணம் கண்ட தென்னிந்திய நோயாளி’ என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். பின்னோக்கிப் போனதில் ஆரம்பம் பிடிபட்டது. பிரேசில்காரர் ஒருவர் முதலில் அப்படி எழுத, மற்றவர்கள் என் குறிப்பைத் திறந்தே பார்க்காமல் அவர் எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அப்படி நினைத்துவிட்டாராம், மன்னிப்புக் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: உண்மையில் அவருக்கு என்னதான் ஆயிற்று?

அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவில் வழியாக ஜெகதாப்பட்டினம் போனேன். அங்கே வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் என் பழைய மாணவி; விசாரித்து வைத்திருந்தாள். ஆள் உயிரோடு இருக்கிறார், இப்போது கடலுக்குப் போவதில்லை, ஐஸ் கம்பெனியில் வேலை என்றாள். அவளே வீட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போனாள்.

மீனவரைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். தழும்புகள் மட்டும் வெளுத்துக் கிடந்தன. விரல் மடங்கி நிமிர்ந்தது. தப்பாக எழுதியவர்கள் சொன்னதுதான் நடந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் திரும்ப வரவில்லை என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார். “எப்படிம்மா வருவாக? எல்லை தாண்டிட்டாகன்னு நேவிக்காரவுக படகோட புடிச்சிட்டுப் போயிட்டாக. அக்கரையிலதான் ஜெயில்ல இருந்தாக.”

வீடு திரும்பியபோது கட்டிகள் இல்லை, அதனால் மருத்துவமனை ஞாபகமே வரவில்லை என்று மீனவர் சொன்னார். நான் கொடுத்த மாத்திரை அட்டை மடியில் இருந்ததாம். அங்கே ஜெயிலுக்கு வந்த டாக்டர் அட்டையையும் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாராம்.

“என்ன மாத்திரை, தெரியுமா?”

“பேரு தெரியாதும்மா. சாப்புட்டா ஒண்ணுக்கு செவப்பாப் போகும். ரத்தம்னு பயந்துட்டேன். அப்பறம் அவருதான், அது மருந்தோட கலரு, பயப்படாதப்பான்னாரு.”

நான் கொடுத்த இரண்டில் எதுவும் அப்படிச் செய்யாது. காசநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்து செய்யும். பெயரே தெரியாத யாரோ ஒரு மருத்துவர் மூன்றாவதாக அதைச் சேர்த்து, விடுதலை வரைக்கும் கொடுத்திருக்கிறார். குணமானது உண்மை, என் மருந்தால் மட்டுமே குணமானார் என்பதுதான் பொய்.

குறிப்பின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். தன் கையின் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். கொரியாவில்கூட இதைப் படிக்கிறார்கள் என்றேன்.

“அங்கிட்டும் மீன் முள்ளு குத்துதா?” என்று கேட்டார். குத்துகிறது என்றேன். அதில் அவருக்கு ஒரு திருப்தி. பிறகு, அந்த டாக்டரைப் பற்றியும் எழுதுங்கள், அவர் இல்லாவிட்டால் கை போயிருக்கும் என்றார்.

அவர் சம்மதத்தோடு, குறிப்பு வெளியான அதே மருத்துவ இதழுக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதினேன். ஜெயில் மருத்துவரின் பெயரைக் கேட்டு ஆசிரியர் திருப்பி அனுப்பினார். தெரியாது, நோயாளி சொன்ன அடையாளத்தை வைத்து மருந்தை ஊகிக்கிறேன் என்று விளக்கியதும் வெளியிட்டார்கள். பிரேசில்காரர் தன் கட்டுரைக்கும் திருத்தம் போட்டார். பதவி உயர்வும் கிடைத்தது, ஆனால் அந்தக் கடிதம் கணக்கில் சேராது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

பழைய குறிப்பை இன்னமும் புதிதாக யாராவது எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் கடிதத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். அவர்களில் யாராவது, அக்கரையிலிருந்து, ‘அந்த மருந்தைச் சேர்த்தது நான்தான்’ என்று எழுதுவார்களா என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன். எழுதினால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில், கையையும் மாத்திரை அட்டையையும் மட்டும் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?