குங்குமம் வைத்த சூட்டுக்கம்பி

கிருஷ்ணம்மாவின் பெயரை ஒரு தரம் வெட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் பெயர் வெட்டுவது என்றால் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்து பெயரை அடித்துவிடுவது. அன்றோடு வேலை இல்லை. 1981இல், ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னாள். அப்போது அவளுக்கு இருபது வயது. மற்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் லயத்து வீடுகளுக்குத் திரும்பி வந்த பிறகு சொன்னார்கள். இவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாயை மூடிக்கொண்டு இரு என்று தாய் கெஞ்சியபோது, பிறகு வாய் எதற்கு என்று கேட்டவள் இவள்.

அதற்குப் பிறகு அவள் பார்க்காத வேலை இல்லை. பல்லேபொலவில் மிளகு பறித்தாள், மாத்தளையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள், பாதை போடுகிற இடத்தில் கல் சுமந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த மகன் ஒருத்தன். 2007இல் பொலிஸ் லொட்ஜ் லொட்ஜாகப் புகுந்து தமிழ்ப் பொடியன்களைப் பிடித்தபோது பயந்து ஓடி வந்தவன், இன்னும் வீட்டுப் படியை விட்டு இறங்கவில்லை. கிருஷ்ணம்மாவின் கூலியில்தான் இரண்டு பேருக்கும் அடுப்பு எரிந்தது.

கூலி தந்தது கொம்போஸ் காணி. ரத்தொட்டைப் பாதையில் ஒரு வளைவில், பதுர்தீன் முதலாளி நடத்திய கூட்டெரு நிலையத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. மின்கம்பிக்குக் கீழே வெட்டிய கிளை, பள்ளிக்கூட மைதானத்துப் புல், கோயில் வளவுச் சருகு, மிளகுக்கொடி, வாழைத்தண்டு, எல்லாம் லொறியில் வந்து இறங்கும். எட்டுப் பெண்கள் அதை வெட்டி, ஆளுயரக் குவியலாகக் கட்டி, நாள் பார்த்துப் புரட்டுவார்கள். குவியல் உள்ளுக்குள் சூடேறி வெந்தால்தான் களை விதையும் கிருமியும் சாகும், இலை எருவாகும். சட்டப்படி தினமும் அந்தச் சூட்டை அளந்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அதற்காக மூன்றடி நீளத்தில், ஒரு முனையில் கூரும் மறுமுனையில் வட்ட முகமுமாக ஒரு வெப்பமானியை முதலாளி வாங்கிக் கொடுத்திருந்தார். பெண்கள் அதற்குச் சூட்டுக்கம்பி என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்ததோடு சரி. கம்பியும் கொப்பியும் மேற்பார்வையாளர் சிவலிங்கத்தின் கையில் இருந்தன. கம்பி ஸ்டோர் சுவரில் ஆணியில் தொங்கியது. கொப்பி மட்டும் ஒழுங்காக நிரம்பியது.

2008ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்த வாரம். சுற்றாடல் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம், அதனால் பரிசோதிக்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் வருகிற நாள் காலையில் சிவலிங்கம் கிருஷ்ணம்மாவைத் தனியாகக் கூப்பிட்டான். அவள் பிறந்த அதே தோட்டத்தில் பிறந்தவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“அக்கா, மிஸ் வந்து என்னா கேட்டாலும், நாந்தான் தெனம் சூடு பாத்து சுப்பவைசர்கிட்ட சொல்றேன்னு சொல்லிறுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“நான் அந்தக் கம்பிய வச்சுப் பாக்கவே இல்லியே தம்பி.”

“பாக்கலன்னா என்னா, பாத்த மாதிரித்தான். ஏடாகூடமா எதையாச்சும் பேசி லைசன்ஸ் போச்சுன்னா, மொதலாளி மொதல்ல வெட்டுறது ஒங்க பேரத்தான். பெறகு நான் ஒண்ணும் செய்ய ஏலாது.”

கிருஷ்ணம்மா பதில் சொல்லாமல் குவியல் புரட்டும் முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பதில் சொல்லாமல் போனால் சம்மதம் என்று நினைப்பவன், அவளைச் சரியாகத் தெரியாதவன்.

அதிகாரி மஸூதா மிஸ் அரை மணித்தியாலம் பிந்தி, முச்சக்கர வண்டியில், கொதித்துக்கொண்டு வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மாத்தளை டவுன்காரி.

“செக்பொயின்ட்ல எண்ட வெப்பமானிய வெச்சிக்கிட்டாங்க. மூணு அடிக் கம்பி எதுக்குண்டு கேக்குறாங்க. ஒப்பீஸ் லெட்டர் கொண்டு வந்தாத்தான் தருவாங்களாம். நான் என்ன, அதால ராணுவத்தயா குத்தப் போறேன்?”

சோற்றுப் பார்சலைக் கூட அவிழ்த்துப் பார்த்துவிட்டு அனுப்புகிற யுத்த காலம் அது. பெண்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். கிருஷ்ணம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

மஸூதா வேலையைத் தொடங்கினாள். வேலியைப் பார்த்தாள். கழிவுநீர் வாய்க்காலில் இறங்கி, ஓடை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். குவியல்களில் ஷொப்பிங் பேக் கிடக்கிறதா என்று கையாலேயே கிளறினாள். எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டது பெண்கள். பிறகு கொப்பியைக் கேட்டாள். ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது. ஆறு குவியலுக்கும் அழகான எண்கள்.

“நல்லா ஈக்கு. உங்கட கம்பியக் கொண்டு வாங்க, ஒருக்கா நானும் பாக்குறேன்.”

சிவலிங்கம் அசைவதற்குள் நல்லம்மா ஓடிப்போய் எடுத்து வந்தாள். நல்லம்மா எட்டுப் பேரில் இளையவள், சுறுசுறுப்பு அதிகம். மஸூதா கம்பியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கூரில் இருந்து மேலே ஒரு சாண் வரைக்கும் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். வட்ட முகத்தைச் சுற்றி வாடிய பூச்சரம்.

“இது என்ன?”

“ஆயுத பூஜைக்கு வச்சது மிஸ்,” என்றாள் நல்லம்மா, பெருமையாக. “கத்தி, முள்ளு, அலவாங்கு எல்லாத்துக்கும் வச்சோம். கிருஷ்ணம்மாக்காதான் பொட்டு வச்சாங்க.”

“எப்ப?”

“மூணு வாரம் இருக்கும்.”

மஸூதா கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி அந்த நாளைப் பிடித்தாள். “அண்டைக்கும் அறுபத்திரெண்டுண்டு எழுதி ஈக்கே.”

“இருக்காது மிஸ்! அன்னைக்கு நாங்க ஆயுதத்தத் தொடவே மாட்டோம்,” என்று நல்லம்மா கையை விரித்தாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஈர எருவுக்குள் ஒரு தரம் குத்தி எடுத்தாலே சந்தனம் போயிருக்கும், குங்குமம் கரைந்திருக்கும். மூன்று வாரமாக அந்தக் கம்பி குவியலின் முகத்தையே பார்க்கவில்லை. கருவி என்றால் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்று பக்தியாகச் செய்ததுதான், இப்போது எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

சிவலிங்கம் தொண்டையைச் செருமினான். “அளக்குறது கிருஷ்ணம்மாக்கா வேல மிஸ். அவுங்க சொன்ன நம்பரத்தான் நான் எழுதுனேன். பேரும் போட்டிருக்கே, பாருங்க.”

“எங்க? காட்டு.” கிருஷ்ணம்மா முள்ளைக் கீழே போட்டாள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். எழுத்தை ஒவ்வொன்றாகத்தான் கூட்டிப் படிப்பாள், இலக்கம் மட்டும் தண்ணீர் பட்டபாடு. ஒவ்வொரு நாளுக்கும் கடைசிக் கட்டத்தில், அளந்தவர் என்ற இடத்தில், அவள் பெயர். பக்கம் பக்கமாக அவள் பெயர். வேறொருவன் கையெழுத்தில், அவளைக் கேட்காமல், அவள் செய்யாத காரியத்துக்குக் கீழே. கிருஷ்ணம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தோட்டத்தில் அவள் பெயரை வெட்டியபோது கூட இவ்வளவு கோபம் வரவில்லை. வெட்டியவர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவன் அதைத் திருடிப் பொய்க்கு உடுத்தியிருக்கிறான்.

“மிஸ், இது எங் கையெழுத்து இல்ல. இந்தக் கம்பிய நான் பொட்டு வைக்கத்தான் தொட்டேன். ஆனா குவியலுக்குச் சூடு பாக்காம நாங்க ஒரு நாளும் இருந்தது இல்ல. நாங்க பாக்குற விதம் வேற. இப்ப காட்டுறேன். நான் சொல்றது மொதல்ல, கம்பி சொல்றது பொறகு. சரியான்னு பாருங்க.”

அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் குவியலுக்குப் போனாள். அந்தக் கனத்த இரும்புக் கோலை அடிவயிறு வரைக்கும் செருகிவிட்டு, ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் காத்திருந்தாள். உருவி, உள்ளே இருந்த முனையைக் கையால் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குள் கையை உதறினாள்.

“வேகுது. அறுவதுக்கு மேல.”

மஸூதா சூட்டுக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். “பொட்ட அழிச்சிட்டுத்தான் குத்தணும். பரவாயில்லயா?”

“வேல செய்யத்தானே மிஸ் பொட்டு வச்சேன். சாமி கோவிச்சுக்காது.”

கம்பி அறுபத்து மூன்று காட்டியது. இரண்டாம் குவியலில் கிருஷ்ணம்மா ஐந்து எண்ணினாள். ஐம்பத்தஞ்சை ஒட்டி இருக்கும் என்றாள். கம்பி ஐம்பத்தாறு என்றது. மஸூதா கொப்பியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளையே பார்க்கத் தொடங்கினாள்.

மூன்றாம் குவியல் வந்தது. அந்தக் குவியலின் சங்கதி எட்டுப் பேருக்கும் தெரியும். சிவலிங்கம் இருமினான். கண்ணால் கெஞ்சினான். இதைத் தாண்டிப் போய்விட்டால் போதும். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் நன்றாக வேகிறது, அவள் பெயர் தப்பும், வீட்டுப் படியை விட்டு இறங்காத மகனுக்குச் சோறு தப்பும். கிருஷ்ணம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனாலும் அலவாங்கைச் செருகினாள். உருவிப் பிடித்தாள். சத்தமாக எண்ணினாள். பத்து வந்தது. இருபதும் வந்தது. கை அப்படியே இருந்தது.

“இது தூங்குது மிஸ். வேகவே இல்ல. முப்பத்தஞ்சு இருந்தா பெருசு.”

கம்பி முப்பத்து நான்கில் நின்றது.

“ஏன் இப்பிடி?”

“மழையில ஊறிப்போச்சு. மூடுற தறப்பாள் இங்க இல்ல. சுப்பவைசரோட மச்சினி சடங்குக்குப் பந்தல் போடப் போயிருச்சு. நானுந்தான் போய் அதுக்குக் கீழ ஒக்காந்து பாயாசம் குடிச்சேன், குடிக்கலன்னு சொல்லல. அடுத்த கெழம இத மூட்ட கட்டி விக்கப் போறாங்க. இதக் கொண்டு போய்ப் பாத்தியில போட்டா, மரக்கறிக்கு முந்தி களைதான் மொளைக்கும்.”

“அக்கா!” என்றான் சிவலிங்கம்.

“என்னா அக்கா? நீ எம் பேர எழுதுறப்ப அக்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

மஸூதா மிஞ்சிய மூன்று குவியல்களையும் அளந்தாள். கிருஷ்ணம்மா சொன்னதற்கும் கம்பி சொன்னதற்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஸ்டோர் மேசையில் உட்கார்ந்து நீளமாக எழுதினாள். கொப்பி பொய் என்று எழுதினாள். குவியல்கள் ஐந்து சரி என்று எழுதினாள். மூன்றாவதைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும், அது வெந்து முடியும் வரை ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது, அனுமதிப்பத்திரம் இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு மட்டும். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“சூடு அளக்குறதுக்கு இனி ஒரு ஆள் பொறுப்பா ஈக்கணும். உங்கட பேர எழுதட்டா?”

“எழுதுங்க. ஆனா நான் அளக்காத நாளைக்கு எம் பேரு வரக் கூடாது. நான் சொல்லாத நம்பருக்குக் கீழயும் வரக் கூடாது. கையெழுத்து நாந்தான் போடுவேன். எனக்கு எம் பேரு எழுதத் தெரியும்.”

நான்காம் நாள் பதுர்தீன் முதலாளி வந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாத அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் நல்ல மனிதராக இருப்பது கஷ்டம். பெண்கள் எல்லாரும் கேட்க, சிவலிங்கத்திடம் கத்தினார்.

“வாய்க்கார பொம்புளய வெச்சிக்கிட்டு ஒரு தொழில் செய்ய ஏலுமா? அவட பேர வெட்டு. இண்டைக்கே வெட்டு!”

சிவலிங்கம் மஸூதா எழுதிய அறிக்கையை எடுத்து நீட்டினான். அவன் விரல் கடைசிப் பந்தியில் இருந்தது. அளக்கும் பொறுப்பு கிருஷ்ணம்மாவுடையது. அவளை மாற்றுவதென்றால் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம் ஏற்றுக்கொள்ளப்படாவிட்டால் அனுமதி செல்லாது.

முதலாளி இரண்டு தரம் வாசித்தார். “சரி. காரணம் எழுதிக் குடுப்போம். பேப்பர் கொண்டா.”

பேப்பர் வந்தது. பேனாவையும் திறந்தார். சிவலிங்கம் மெல்லக் கேட்டான்: “என்னான்னு எழுதுறது மொதலாளி?”

கிருஷ்ணம்மா அலவாங்கை ஊன்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான் சொல்றேன், எழுதிக்குங்க மொதலாளி. வேகாத குவியல வேகலன்னு சொன்னா. செய்யாத வேலைக்கி அவ பேரப் போட்டப்ப ஏன்னு கேட்டா. அதனால நிப்பாட்டுறோம். இவ்வளவுதான். எழுதி முடிச்சிட்டுக் குடுங்க, இதுதான் நடந்துச்சுன்னு நானே அடியில கையெழுத்துப் போட்டுத் தாறேன்.”

முதலாளி பேனாவைப் பிடித்தபடி வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, தறப்பாள் எங்கே என்று சிவலிங்கத்தைப் பார்த்துக் கத்தினார்.

கிருஷ்ணம்மா சூட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு, பிரித்துக் கட்டிய மூன்றாம் குவியலுக்குப் போனாள். நாற்பத்தாறு காட்டியது. கொப்பியில் நாற்பத்தாறு என்றே எழுதி, கட்டத்துக்கு வெளியே வழிகிற மாதிரிப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள்.