கிளச்சுக்குள் குத்துவிளக்கு

ரிப்பேர்த் தொழிலில் வண்டியோடு மல்லுக்கட்டுவது பாதி. நமக்கு முன்னால் அந்த வண்டியைத் திறந்த ஆளோடு மல்லுக்கட்டுவது மீதி. என்னைப் போல ஸ்பானர் பிடித்து வயிறெரிந்தவர்களுக்கு இது தெரியும். அதனால் முதலில் உன்னைத்தான் கேட்கிறேன். உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, கைவேலை மட்டும் தெரியும். ஒரு குத்துவிளக்குத் தண்டை அறுத்து, சீமைக் காரின் கிளச்சுக்குள் வைத்து, மூடி, போல்ட்டை இறுக்கிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு போனவன் நீ. அது எங்கே வந்து விடிந்தது என்று கேள்.

மாடு இழுத்து வந்த கார்

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். பெரம்பலூரில் ரோட்டோரமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு ஷெட் வைத்திருந்தேன். யுத்தகாலம் பூராவும் என் பிழைப்பு கரி பஸ்களோடுதான். பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் அடுப்பைக் கட்டிக் கரியை எரித்து ஓட்டினார்களே, அந்த பஸ்கள். வண்டி என்றால் இருமும், மேடு வந்தால் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்லும் என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அரியலூர் மிராசுதார் ஒருவர், ஊருக்குப் போகும் துரையிடம் வாங்கிச் சில மாதம் தானே ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. இஞ்சின் மூடியைத் தூக்கினேன். எண்ணெய்க் குழாய் ஒவ்வொன்றும் அளந்து வளைத்த மாதிரி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தொட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வழியில் எவனோ ஒருவன் கிளச்சைத் திறந்து மூடியதிலிருந்து பெடலை மிதித்தால் கத்துகிறது, கியர் விழவில்லை, திருச்சியில் கியர் பெட்டியே போச்சு என்று சொல்லிவிட்டார்கள் என்றார் மிராசுதார். சொல்லிவிட்டு, இஞ்சினை ஒரு தட்டு தட்டினார்.

"யோவ் மேஸ்திரி, நீயும் கைய விரிச்சேன்னா இதக் கழட்டிக் குன்னத்து வயக்கெணத்துல எறைக்க மாட்டிருவேன். வெங்காயத்துக்காச்சும் தண்ணி பாயட்டும்."

பாதி மிதி, முழு மிதி

அந்த இஞ்சினைக் கிணற்றடியில் நினைத்துப் பார்த்தேன். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. ஷெட்டில் என்னோடு வேலை பார்த்தவர் மஜீது பாய். பட்டறைக்காரர், என்னைவிட மூத்தவர், நான் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாதவர். "மொதல்ல கத்துறத நிறுத்திட்டு அது கத்துறதக் கேளு தம்பி" என்றார்.

கேட்டேன். இஞ்சினை ஓடவிட்டு, பெடலில் காலே வைக்காமல் இருந்தால் சத்தம் இல்லை. பாதி மிதித்தால் கீச்சென்று ஆரம்பிக்கிறது. முழுக்க மிதித்தால் தகரத்தை ஆணியால் கிழிக்கிற மாதிரி கத்துகிறது. அந்த நேரத்தில் கியரைத் தள்ளினால் பல்லோடு பல் மோதிக் கையை உதறுகிறது. இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். குட்டையான அந்தக் கியர்க் கம்பி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அப்படியொரு சுகத்தை என் உள்ளங்கை அதுவரை கண்டதில்லை. பெட்டி கெட்டிருந்தால் இப்படி விழாது. பெடலை மிதித்தாலும் இஞ்சின் கியர் பெட்டியை முழுசாக விடாமல் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது, தப்பு கிளச்சில்தான். திருச்சிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாய் மட்டும் அந்தக் கம்பியை இன்னொரு தடவை ஆசையாகத் தள்ளிப் பார்த்தார்.

"தம்பி, பாவம், குத்தம் செய்யாத பெட்டிக்குத் தூக்குத் தண்டன எழுதி அனுப்பிட்டாங்களே."

கறுப்புச் சில்லு

பெட்டியை இறக்கிக் கிளச்சைத் திறந்தோம். பெடலை மிதிக்கும்போது முன்னால் போய், சுற்றுகிற எஃகுத் தட்டில் முட்டித் தள்ளுவதற்கு ஒரு கிண்ணம் உண்டு. அதற்குள் உட்கார்ந்திருந்தது உன் பித்தளை வளையம். வெளிச்சுற்றில் மணி மணியாகக் கோத்த கடைசல் வேலை. விளக்கில் இருந்தபோது அழகாகத்தான் இருந்திருக்கும். இங்கே எஃகைக் கீறி, தானும் தேய்ந்து குள்ளமாகி, தட்டை முழுசாகத் தள்ள எட்டாமல் நின்றது. கத்தலும் அதனால்தான், கியர் விழாததும் அதனால்தான்.

வளையத்தை நெம்பி எடுத்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரு கறுப்புச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. "கரி! இங்கேயுமா கரி?" என்று தூக்கி எறியப் போனேன். பாய் கையைப் பிடித்துவிட்டார். சில்லை வாங்கி எஃகுத் தட்டில் தேய்த்தார். கீறல் விழவில்லை, தட்டு பளபளத்தது. எண்ணெய் இல்லாமலே விரல் வழுக்கியது. டைனமோவுக்குள் இதே கரி உரசிக்கொண்டு கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். உன் பித்தளை உட்கார்ந்த இடத்தில் முதலில் இருந்தது கரி வளையம்தான். அவ்வளவு வேகத்தில் சுற்றும் எஃகுக்கு எதிரில், நகத்தால் சுரண்டினால் உதிர்கிற ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறான் வண்டியைச் செய்தவன். வருஷக்கணக்காகக் கரியைத் திட்டியவன் நான். அந்தச் சில்லைத் துணியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"பாத்தியா தம்பி, கூட்டத்துல தேஞ்சு போவ வேண்டியது யாருன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டுல்ல வண்டியச் செஞ்சிருக்கான்."

சினிமாக் கொட்டாயில்

கரிக்கு எங்கே போவது? அரியலூரில் அப்போது டூரிங் கொட்டாய் போட்டிருந்தார்கள். பெரிய டைனமோ, பெரிய கரிக் கட்டைகள். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுவார்கள். மேனேஜர் மேஜைக்கடியில் பழசு ஒரு டப்பா நிறையக் கிடந்ததை நுழையும்போதே பார்த்துவிட்டேன். அதனால் அதைக் கேட்கவில்லை. "உங்க இஞ்சின் சத்தம் நல்லால்லீங்களே, படத்துக்கு நடுவுல நிக்குமே" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறியது. தினம் நிற்கிறதாம், ஜனங்கள் மண்ணை வாரி இறைக்கிறார்களாம்.

நான் சரிசெய்து தருகிறேன், அந்தக் குப்பை டப்பாவை எனக்குக் கொடுங்கள் என்றேன். குப்பை என்று நான் சொன்னதும் அது அவருக்குச் சொத்தாகிவிட்டது. பாதிதான் தருவேன் என்றார். அப்படியானால் இஞ்சினும் பாதிப் படம்தான் ஓடும் என்றேன். அவர் எழுந்தார், நானும் எழுந்தேன், ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. கடைசியில் முழு டப்பாவும் வாங்கினேன்; பாய்க்கு நாற்காலி டிக்கெட்டும் வாங்கினேன். டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார் மேனேஜர்.

"யோவ், கரிக்கட்டைக்கே இப்படிப் பேசுறியே, நீ மாடு வாங்கப் போனா வித்தவன் கோமணத்தோடதான்யா வூடு போய்ச் சேருவான்."

சிறுவாச்சூர் வரைக்கும்

பாய் கரிக் கட்டைகளை அரத்தால் ராவி, வளைவு கொடுத்து, துண்டு துண்டாகக் கிண்ணத்தில் இறுக்கினார். எஃகுத் தட்டை நான் தேய்த்துச் சமப்படுத்தினேன். மிராசுதார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பக்கத்தில் நான். சிறுவாச்சூர் கோயில் வரை போய் வருவதாகப் பேச்சு. வழியில் கத்தினால் அப்படியே கிணற்றுக்கு.

பெடலை மிதித்தார். சத்தமே இல்லை. கியரை இரண்டு விரலால் தள்ளினார், தண்ணீருக்குள் கை இறங்குவது போல இறங்கியது. புளியமரங்கள் பின்னால் ஓடின. இருமாத, தள்ளச் சொல்லாத வண்டியில் என் ஜன்மத்தில் அன்றுதான் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றால் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கெணத்துக்கு வேற இஞ்சின் பாத்துக்கலாம்யா" என்றார் மிராசுதார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அவருடைய இடது கால் பெடலைவிட்டு இறங்கவே இல்லை. எதிரே வண்டி வந்தாலும் பெருவிரல் நெருடுகிறது, மேடு வந்தாலும் நெருடுகிறது. வண்டி மாட்டை வாலடியில் கால்விரலால் நெருடி ஓட்டுவார்களே, அதே நெருடல். வண்டியோடு வந்த கரி ஏன் தேய்ந்தது என்று விளங்கிவிட்டது. என் கரியும் அப்படித்தான் தேயும். அப்புறம் கிணறுதான். "ஐயா, கியர் மாத்துறப்ப மட்டும் மிதிங்க, மத்த நேரம் கால எடுத்துருங்க" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவர் காலை எடுத்தார். அடுத்த மேட்டில் அது தானாக வந்து உட்கார்ந்தது.

"என்னய்யா பண்றது, தொட்டுக்கிட்டே இல்லேன்னா வண்டி நின்னுருமோன்னு காலுக்குப் பயமா இருக்கு."

ஆகவே, குத்துவிளக்கை அறுத்த புண்ணியவானே, கரியை நான் வைத்துவிட்டேன், எஃகை நான் தேய்த்துவிட்டேன். அந்தக் காலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மூடிவிட்டுப் போன நீ, ஒருநாள் அரியலூருக்கு வந்து, அதைப் பெடலிலிருந்து இறக்கிவைக்கிற வேலையையாவது ஒழுங்காகச் செய்துவிட்டுப் போ.