கன்னடத்தில் திரும்பி வந்தவர்

என் கணவருக்குப் பேச்சு திரும்பியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை "நீரு".

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தார். வலது கை ஓய்ந்துபோயிருந்தது. அதுவரை வெறும் முனகல்தான். நர்ஸைக் கேட்டுக்கொண்டு ஸ்பூனால் கொஞ்சம் தண்ணீர் ஊட்டினேன். பக்கத்தில் நின்ற மகளிடம், "பாருடி உங்கப்பாவ! தண்ணின்னு கூட இல்ல, நீருன்னு சுத்தத் தமிழ்ல கேக்கறாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, அது கன்னடம்மா" என்றாள்.

அவர் பெங்களூரில், மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பிறகு அங்கேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் கன்னடத்தில் பேசிவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தமிழுக்கு மாறிவிடுவார். நான் திருவண்ணாமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசுகிற அளவுக்குத்தான் எனக்குக் கன்னடம். அதற்கு மேல் தேவைப்படவே இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் தமிழில் நடந்தது. "இன்னிக்கு சாம்பார்ல பருப்பு லீவா?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "மகாராணிக்குக் கோவம், ராத்திரி நமக்குப் பட்டினி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். இப்படிப் பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பியது. எல்லாம் கன்னடம். நான் தமிழில் பேசினால் அவருக்குப் புரிந்தது. பதில் மட்டும் தமிழில் வரவில்லை. வாயைத் திறப்பார், முயற்சி செய்வார், முகம் சிவக்கும், கடைசியில் கன்னடம் வந்து விழும். அதுவும் கடைக் கன்னடம். ஒரு நாள் காபியோடு அவர் அறைக்குள் போனேன். நாற்காலியைக் காட்டி, "கூத்கொள்ளி" என்றார். உட்காருங்கள் என்று அர்த்தம். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. என்னை "நீவு" என்றுதான் கூப்பிட்டார். நீங்கள். கட்டிய பெண்டாட்டியை நீங்கள் என்று கூப்பிட்டார். அன்று சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கன்னடக்காரி. அரைகுறைத் தமிழில் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"ஆன்ட்டி, சில பேருக்கு இப்படித்தான் ஆகும். ஒரு பாஷை முன்னாடி வரும், இன்னொண்ணு லேட். எது வருதோ அதைப் பிடிச்சு இழுக்கணும். சின்னப் பசங்க புஸ்தகம் வாங்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஓதுங்க. அப்புறம் அந்தக் கதையை அவர் உங்களுக்குச் சொல்லணும்."

"எனக்குக் கன்னடம் படிக்க வராதும்மா."

"நல்லதாச்சு. அவர் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

நாங்கள் வாங்கிய முதல் புத்தகத்தில் ஒரு எருமை குளத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவர் படித்துவிட்டார். இடது கை விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினார். ப, ம, வ எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. நான் தடுமாறியபோது அவர் பொறுமையாகக் காத்திருந்தார். முன்பு அவரிடம் இல்லாத பொறுமை அது.

அடுத்தது காட்டுக் கதை. ஒரு பக்கத்தில் புலி படம். கன்னடத்தில் அது ஹுலி. படத்தைப் பார்த்த வேகத்தில் நான் "புலி" என்று படித்துவிட்டேன். அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு. தலையை ஆட்டிக்கொண்டே, "புலி அல்ல, ஹுலி" என்றார்.

புலி என்று அவர் வாயால் சொன்னார்! அவருக்கே அது தெரியவில்லை. அதற்குப் பிறகு வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். ஹாலு என்று எழுதியிருந்தால் பால் என்றேன், ஹல்லி என்றால் பல்லி. என்னைத் திருத்துகிற சாக்கில் அவரும் பாலையும் பல்லியையும் சொன்னார். இந்த வழியாகவே தமிழை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினேன். ஆனால் புத்தகத்தை மூடினால் அந்த வார்த்தைகளும் போய்விடும். பால் வேண்டுமா என்று கேட்டால் "பேடா" என்பார். வேண்டாம்.

பெரிய எழுத்துப் புத்தகங்களிலிருந்து சிறிய எழுத்துக்கு வந்தோம். ஆமையை வளர்க்கும் அக்கா தம்பி, பல்லாங்குழியில் ஏமாற்றும் ராஜா, பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்ட பெண். படிப்பதற்கே தினமும் மத்தியானம் ஒதுக்கினோம். படித்து முடித்ததும் அவர் எனக்குக் கதை சொல்வார். பாதி வார்த்தை, பாதி கை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களுக்கு வந்தபோது என் கன்னடம் அவர் பேச்சை விட வேகமாகிவிட்டது.

அப்படி ஒரு நாவலில், அம்மா இல்லாத ஒரு பெண் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். கதை அங்கேயே முடிகிறது.

"திரும்பி வருவா" என்றேன் நான்.

"பரல்ல" என்றார். வரமாட்டாள்.

"ஏன் வரமாட்டா? அப்பன் தனியா கிடக்கறான் இல்ல?"

"பரல்ல!"

"நீங்க கண்டீங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தை மேஜைமேல் போட்டு, "நினகேனு கொத்து?" என்று கத்தினார். உனக்கு என்ன தெரியும்?

உனக்கு. நீவு போய்விட்டது. குழந்தைகள் புத்தகத்தில் அக்காவும் தம்பியும் சண்டை போடுகிற மொழியில் என்னைத் திட்டினார். நான் விடவில்லை. சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் சண்டை போட்டோம். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் புரியாது.

அந்தத் தைரியத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். புத்தகக் கண்காட்சியில் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். கடற்கரையில் பட்டம் விடுகிற ஒரு சிறுமியின் கதை, நல்ல படங்கள். அவர் கையில் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டினார். படங்களைப் பார்த்தார். எழுத்தின் மேல் அவர் விரல் போகவே இல்லை. என் முகத்துக்காக இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீனு ஓது" என்றார். நீ படி.

வாய்விட்டுப் படித்தேன். அவர் நேராக உட்கார்ந்து கேட்டார். இடையிடையே தலையசைத்தார். தெரியாத வீட்டுக்குப் போனால், அவர்கள் பிள்ளை பாடும்போது நாம் எப்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்போமோ, அப்படி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. எப்போது முடியும் என்று காத்திருந்தார். பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பயிற்சிப் பெண், இனி தான் வர வேண்டியதில்லை என்றாள். "நல்லா முன்னேறிட்டாரு ஆன்ட்டி."

"தமிழ்?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாள் ஆச்சு. வந்தா வரும். ஆனா காத்துக்கிட்டு இருக்காதீங்க."

மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தாள். பள்ளியில் கன்னடம் படித்தவள், அதனால் அப்பாவோடு மளமளவென்று பேசினாள். புதிதாகப் படித்த நாவலைப் பற்றி அவர் என்னவோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பாதிதான் காதில் பிடிபட்டது. அந்த நாவலை நானும்தான் படித்திருந்தேன்.

உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா பழைய மாதிரியே ஆயிட்டாரும்மா!" என்றாள்.

"உனக்கு ஆயிட்டாரு" என்றேன்.

வாயை விட்டு வந்துவிட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் நல்லாத்தாண்டி இருக்காரு. நடக்கறாரு, பேசறாரு, கதை சொல்றாரு. நான் குறை சொல்லல. ஆனா என்கிட்ட இருந்த மனுஷன் எங்கடி? அந்த சாம்பார், பருப்பு, மகாராணி... அதை எந்தக் கன்னடத்துல தேடறது? செத்துப்போனாலாவது நாலு பேர் வந்து உக்காந்து அழுவாங்க. இதுக்கு யார்கிட்ட போய் அழறது?"

அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். எண்ணெய்ப் புகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஊருக்குப் போன பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். தமிழில் வருகிற இளையோர் நாவல்களில் ஒரே புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை எனக்கு அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். எந்த அத்தியாயம் பிடித்தது, யார் மேல் கோபம் வந்தது என்று பேசுகிறோம். வாய் நிறையத் தமிழ் பேசுகிறேன். பேசும்போது பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஏன் சாத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் அப்படிப் பேசி முடித்துத் திரும்பினால், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, என்ன என்று கேட்டார்.

"மக்கள கதே" என்றேன். குழந்தைகள் கதை.

அட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். உதடு குவிந்தது, முகம் சிவந்தது, நான் காத்திருந்தேன். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். எங்கள் கன்னட நாவல் சோபாவில் கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விட்ட பக்கத்தில் விரலை வைத்தபடி, எனக்காக இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார்.